கண்டதா, கருதியதா, கேட்டதா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் சத்சங்கச் சண்டைகள். படிக்கக் கூடுகிறார்கள், மனத்தாங்கலோடு கலைகிறார்கள். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறோம்.

எங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஞாயிறு மாலை திருவாசகம் படிக்கிறோம். ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் எந்தப் பாட்டை எடுத்தாலும், "இது எனக்கு உள்ளிருந்து உணர்த்தப்பட்டது" என்று ஒரு பொருள் சொல்கிறார். அதன்பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. மறுத்தால் அபசாரமாகிவிடுமோ என்று பயம். என்ன செய்யலாம்? (கும்பகோணம் வாசகி)

மறுக்க வேண்டாம். எந்த வழியில் தெரிந்தது என்று கேளுங்கள். நீங்கள் படிக்கும் சைவ மரபிலேயே இதற்கு இடம் இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அளவையை, அதாவது அறியும் வழியைத்தான் முதலில் பேசுகிறது. அறியும் வழிகள் ஆறு என்பாரும் அதற்கு மேல் என்பாரும் உண்டு, ஆனால் எல்லாம் காண்டல், கருதல் (ஊகித்தல்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. காண்டலையும் நான்காகப் பிரிக்கிறது: ஐம்பொறி வழியாக வரும் வாயிற்காட்சி, மனத்தால் வரும் மானதக்காட்சி, இன்ப துன்பத்தைத் தானே நுகர்ந்தறியும் தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி.

அந்த அன்பர் சொல்வதை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். "சிவபுராணத்தில் 'புல்லாகிப் பூடாய்' என்ற இடம் வந்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது" என்றால் அது தன்வேதனைக்காட்சி. அதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. "ஆகவே மணிவாசகர் இங்கே தம்முடைய முற்பிறவிகளைத்தான் சொல்கிறார்" என்றால் அது கருதல். கருதலுக்கு ஏது, அதாவது காரணம் வேண்டும், எந்தச் சொல்லிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்கலாம். "பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்" என்றால் அது உரை. யார், எங்கே என்று கேட்கலாம். கண்ணீரை யாராலும் மறுக்க முடியாது என்பதால், அதன் நிழலில் தம் பொருளையும் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். கோளாறு அங்கேதான். பெரும்பாலும் இது வேண்டுமென்றே செய்வதல்ல. உணர்ச்சியும் பொருளும் ஒரே நொடியில் வருவதால், சொல்பவருக்கே இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. நேரே கண்ணால் காண்பதிலேயே ஐயமும் திரிவும் உண்டு, கயிறு பாம்பாகத் தெரியும் என்று அதே நூல்கள் சொல்கின்றன. உள்ளே தோன்றியதற்கு மட்டும் விலக்கு ஏது?

இதைச் சபையில் வைத்துச் சொல்லாதீர்கள். தனியாகப் பார்க்கும்போது, "ஐயா, அந்தப் பாட்டு உங்களைத் தொட்ட விதத்தை அவசியம் சொல்லுங்கள், பொருளை மட்டும் எல்லாரும் உரையை வைத்துக்கொண்டு பார்ப்போமே" என்றால் போதும். பெரும்பாலோர் சம்மதித்துவிடுவார்கள்.

கூட்டத்தின் அமைப்பையும் மாற்றுங்கள். ஒரு கூட்டம் 90 நிமிடம், ஒரு பாட்டு அல்லது ஐந்தாறு வரி, அதற்கு மேல் வேண்டாம். முதலில் இருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு 20 நிமிடம் பதம் பிரித்துச் சொற்பொருள், அதுவும் உரைநூலைத் திறந்து வைத்துக்கொண்டு. இந்தப் பகுதியில் சொந்த அனுபவம் வரக்கூடாது. அதன்பிறகு ஆளுக்கு 3 நிமிடம். பத்துப் பேருக்கு அரைமணி நேரம் ஆகும். பன்னிரண்டு பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் உட்கார்ந்தவர்களுக்குக் காபிதான் மிஞ்சும். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் கேட்கக்கூடியது ஒரே கேள்வி: "எந்தச் சொல்லிலிருந்து?" தீராதவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் யாராவது இன்னொரு உரையைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

பேசும் வரிசை மிக முக்கியம். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் எல்லாரும் "ஐயா சொன்னதுபோல" என்றுதான் தொடங்குவார்கள், ஒன்பது பேர் பேசியும் ஒரே கருத்துத்தான் தேறும். புதிதாகச் சேர்ந்தவரோ வயதில் இளையவரோ தொடங்கட்டும். யூதர்களின் பழைய நீதிமன்றத்தில், உயிர்போகும் வழக்குகளில் இளையவர்களிடமிருந்தே கருத்துக் கேட்கத் தொடங்குவது விதி. காரணம் இதேதான்.

தியானத்தில் உட்காரும்போது சில நாட்களாக நெற்றி நடுவில் ஒளி தெரிகிறது. வெளியே சொன்னால் போய்விடும் என்கிறார் நண்பர். சொல்லாமல் இருந்தால் அகந்தை வளரும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? (திண்டுக்கல் வாசகர்)

இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சொல்லக் கூடாது என்பதல்ல விஷயம். யாரிடம், எத்தனை பேரிடம், எப்படி என்பதுதான்.

பௌத்தத் துறவிகளின் விநய விதிகள் இந்த விஷயத்தில் மிகக் கறார். இல்லாத உயர்நிலையைத் தெரிந்தே தனக்கு உண்டென்று சொன்னால், சங்கத்தை விட்டே நீக்கம். நீக்கத்துக்குரிய நான்கு பெருங்குற்றங்களில் நான்காவது அது. உண்மையாகவே அடைந்த நிலையாக இருந்தாலும், துறவு பெறாதவர்களிடம் சொன்னால் அதுவும் ஒரு குற்றம், ஆனால் சிறியது, ஒப்புக்கொண்டால் தீரும். விதி பிறந்த கதையையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். வஜ்ஜி நாட்டில் பஞ்சம். வக்குமுதா ஆற்றங்கரையில் தங்கிய பிக்குகள் "இவர் இன்ன தியானநிலை அடைந்தவர், அவர் இன்ன ஞானம் பெற்றவர்" என்று ஒருவரையொருவர் இல்லறத்தாரிடம் புகழ்ந்து, நன்றாகச் சாப்பிட்டார்கள். அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது: தான் அடைந்துவிட்டதாக உண்மையிலேயே தவறாக நம்பிச் சொன்னவருக்குக் குற்றமில்லை. தப்பாக எண்ணுவதையும் பொய் சொல்வதையும் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர்கள் குறைவு.

கோயங்கா மரபின் 10 நாள் விபாசனா முகாம்களில் பத்தாம் நாள் காலை வரை மௌனம். பயிற்சியில் சந்தேகம் என்றால் ஆசிரியரிடம் கேட்கலாம், அதற்கென்று நண்பகல் வேளையில் நேரம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் அவருக்கு வந்தது உனக்கு வரவில்லையே என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும், மறுநாள் உட்காரும்போது பயிற்சி போய் எதிர்பார்ப்பு மட்டும் நிற்கும். "சொன்னால் போய்விடும்" என்று உங்கள் நண்பர் சொல்வதற்கும் இதுதான் அடிப்படை. அது சாபமல்ல. இரண்டாம் முறை சொல்லும்போது கொஞ்சம் மெருகேறுகிறது, ஐந்தாம் முறை சொல்லும்போது நடந்தது எது, மெருகு எது என்று உங்களுக்கே தெரியாது.

ஆகவே முதல் வேலை அன்றே ஐந்தாறு வரி எழுதி வைப்பது. எந்த நேரம், எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், கண் மூடியா திறந்தா, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது, என்ன தெரிந்தது, எத்தனை நிமிடம் நின்றது. "ஆக்ஞா (நெற்றி நடுச் சக்கரம்) திறந்தது" என்று எழுதாதீர்கள், "வெள்ளை ஒளி, சுமார் 2 நிமிடம்" என்று எழுதுங்கள். பிறகு பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ஒருவரிடம் மட்டும், எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அவர் உடனே பட்டம் கொடுத்தாலும் சரி, உடனே மட்டம் தட்டினாலும் சரி, கொஞ்சம் யோசியுங்கள். நல்லவர்கள் பெரும்பாலும் "சரி, உட்காருவதை விடாதே" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. ஒளி தெரிவதெல்லாம் தியானத்தின் ஒளி அல்ல. கண்ணை இறுக்கி மூடினாலோ இமையை அழுத்தினாலோ ஒளிப் புள்ளிகள் தெரியும். நெளிநெளியான ஒளிக்கோடு 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடம் வரை பரவி மறைந்தால் அது ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியாக இருக்கலாம், வலியே வராமலும் அது வரும். கண்ணோரத்தில் திடீர் மின்னல், புதிதாக மிதக்கும் கரும்புள்ளிகள், பார்வையில் திரை விழுந்ததுபோல் மறைப்பு என்றால் விழித்திரை கிழிவதாகவோ விலகுவதாகவோ இருக்கலாம், அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். வேகமாகக் கபாலபாதி செய்தபின் விரல் நுனியில் ஊசி குத்துவதும் தலை லேசாவதும் பெரும்பாலும் இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருவது. பலர் அதற்குக் குண்டலினி என்று பேர் வைத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று இரவு தூக்கமே இல்லாமலும் களைப்பே இல்லை, பேச்சு நிற்கவில்லை, உலகத்துக்கே ஒரு செய்தி சொல்லப் பிறந்ததாகத் தோன்றுகிறது என்றால், வீட்டார் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். உங்களுக்கு அப்படி என்று சொல்லவில்லை. இந்தக் கேள்வியைப் படிக்கும் இன்னொருவருக்காகச் சொல்கிறோம்.

பிரபந்த வகுப்பில் ஆசிரியர் சொல்லும் பொருள் ஓர் இடத்தில் எனக்கு ஒட்டவில்லை. கேட்டால் பணிவில்லை என்பார்களோ? (ஸ்ரீரங்கம் வாசகி)

நீங்கள் இருக்கும் ஊரிலேயே இது நடந்திருக்கிறது. குருபரம்பரைக் கதை சொல்வது இது: ராமானுஜர் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருள் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் பத்தில், "அறியாக் காலத்துள்ளே அடிமைக்கண் அன்பு செய்வித்து, அறியா மா மாயத்து அடியேனை வைத்தாயால்" என்ற பாசுரம் வந்தது. அன்பைக் கொடுத்துவிட்டு மறுபடி இந்த மாயச் சம்சாரத்தில் வைத்துவிட்டாயே என்று ஆழ்வார் வருந்துவதாக ஆண்டான் பொருள் சொன்னார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் எல்லாம் மகிழ்ச்சியாக இருக்க, நடுவில் வருத்தம் ஏன் என்பது ராமானுஜரின் கேள்வி. அதே சொற்களை மாற்றிக் கூட்டினார்: மாயத்தில் கிடந்த அடியேனுக்கு, ஒன்றும் அறியாத காலத்திலேயே அடிமையில் அன்பைத் தந்தாயே. வருத்தம் நன்றியாகிவிட்டது. "இது விசுவாமித்திர சிருஷ்டி, ஆளவந்தார் சொல்லி நாம் கேட்டதில்லை" என்று ஆண்டான் வகுப்பையே நிறுத்திவிட்டார். தம் குரு ஆளவந்தார் சொல்லாததை, நீர் புதிதாகப் படைத்துவிட்டீர் என்பது பொருள்.

செய்தி கேட்டு வந்த திருக்கோட்டியூர் நம்பி, ஆளவந்தாரின் இன்னொரு சீடர், இந்தப் பொருளை ஆளவந்தார் சொல்லித் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார். வகுப்பு மறுபடி தொடங்கியது.

ராமானுஜர் "எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்று நிறுத்தவில்லை. இடத்தையும் சொல்லையும் காட்டினார். ஆண்டானுக்குக் கோபம் வந்தது உண்மைதான், ஆனால் அவர் சொன்ன மறுப்பைக் கவனியுங்கள், "நாம் கேட்டதில்லை" என்பதோடு நின்றது. தாம் கேட்டது எதுவரை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான், கேட்ட இன்னொருவர் வந்ததும் விஷயம் தீர்ந்தது. எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் நம்பி வந்தும் பயனில்லை. வைணவ வியாக்கியானங்களில் ஒரே பாசுரத்துக்கு இன்னார் நிர்வாகம் (பொருள் கொள்ளும் முறை) இது, இன்னார் நிர்வாகம் இது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

வகுப்பு முடிந்ததும் கேளுங்கள், நடுவில் வேண்டாம். முதலில், "தேவரீர் சாதித்ததை அடியேன் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்று அவருடைய பொருளை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும், ஏனென்றால் பாதி நாம் தப்பாகக் கேட்டது. மீதிக்கு, "முன் பாசுரத்தோடு இதை எப்படிச் சேர்த்துக்கொள்வது?" என்று கேளுங்கள். "யூடியூபில் ஒருவர் வேறு மாதிரி சொன்னாரே" என்று தொடங்கினால் பேச்சு பாசுரத்தை விட்டு ஆட்களைப் பற்றியதாகிவிடும். எந்தக் கேள்விக்குமே இடமில்லை, வீட்டில் சொல்லாதே, தனியே வா, இத்தனை ரூபாய் கொடு என்று சொல்லும் இடமாக இருந்தால், அங்கே பணிவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.

என் அலுவலக நண்பர் கிறிஸ்தவர், இன்னொருவர் அத்வைதி. பேச்சு சூடாகும்போது, "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதுதானே பணிவு? (பாளையங்கோட்டை வாசகர்)

சமாதானம் சரி. பணிவு என்று சொல்ல முடியாது. அவர் முழுமையாகச் சொல்வதற்கு முன்பே அவர் சொல்வது என்னவென்று முடிவு கட்டிவிட்டீர்கள் அல்லவா?

முதல் பதிலில் சொன்ன சிவஞான சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாசாரியார், அதில் பிறர் கொள்கைகளை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில் பதினான்கு கொள்கைகளை எடுத்துக்கொண்டார். உலகாயதனில் தொடங்கி, நால்வகைப் பௌத்தர், சமணர், ஆசீவகர், பாட்டர், பிரபாகரர் என்று போய்ப் பாஞ்சராத்திரியில் முடிகிறது. ஒவ்வொன்றிலும் முதலில் அவர்கள் கொள்கை, பிறகுதான் மறுப்பு. மறுப்பில் காரத்துக்குக் குறைவில்லை, எல்லா இடத்திலும் நியாயமாக இருக்கிறார் என்றும் சொல்ல மாட்டோம். ஆனாலும் மறுக்க வேண்டுமென்றால் முதலில் எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும் என்ற முறை அதில் இருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே மணிமேகலையில் புகார் நகரத்து விழா அறிவிப்பு இப்படிப் போகிறது: "ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்." வாதம் வேண்டாம் என்று சொல்லவில்லை, முறை தெரிந்து மேடையேறச் சொல்கிறார்கள். அடுத்த வரியில், பகைவரோடுகூடச் "செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்கிறார்கள்.

நடைமுறையில்: நண்பரின் கருத்தை அவர் வாயால் "ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்" என்று வரும்வரை நீங்கள் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை தோற்பீர்கள். தோற்கும் இடம் பெரும்பாலும் ஒரு சொல்லாக இருக்கும். "அத்துவிதம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்வைதி நண்பருக்கு அது, இருப்பது ஒன்றே என்பது. சைவ சித்தாந்தத்தின் முதல் ஆசிரியரான மெய்கண்டார் வழியில் அது ஒன்று என்ற பொருளே அல்ல, பிரிந்து வேறாக நில்லாமை. ஏகம் என்று சுட்டிச் சொல்ல ஒருவர் இருக்கும்போது அது எப்படி ஏகம் ஆகும் என்பது அவருடைய வாதம். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லித் தலையாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். அதேபோல் கிறிஸ்தவ நண்பர் "கிருபை" என்றதும் "எங்கள் அருள்தான் அது" என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். யாருக்கு, எதிலிருந்து விடுபட, எப்படி வருகிறது என்று அவரிடம் கேளுங்கள். கொஞ்சம் ஒத்துவரும், கொஞ்சம் வராது. வராத இடத்தில்தான் பேச விஷயமே இருக்கிறது.

நம்முடைய சாஸ்திரத்தை எடுத்து அவர்களுடைய ஊர்வலத்தோடு ஒப்பிடுவது எல்லாப் பக்கத்திலும் நடக்கும் தப்பு. சாஸ்திரத்தை சாஸ்திரத்தோடு வையுங்கள், ஊர்வலத்தை ஊர்வலத்தோடு வையுங்கள்.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்கிவிட்டு ஒருமணி நேரம் பேசுபவர்களை என்ன செய்வது? (சேலம்)

மணி அடிக்கலாம். "அடியேன்" ஒரு நல்ல மரியாதைச் சொல், ஆனால் அது மட்டும் பணிவுக்கு ரசீது ஆகாது. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வதில் குறையும் இல்லை. தற்புகழ்ச்சி தகாது என்று சொன்ன நன்னூலே, அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில், அவையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி பழிக்கும்போது என்று நான்கு இடத்தில் புலவர் தம்மைச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறது.

வயதில் மிகச் சிறியவரிடம் ஞான விஷயம் கேட்பது பொருத்தமா? (விருத்தாசலம்)

உங்கள் பக்கத்து ஊர்க் கதையே இருக்கிறது. பெண்ணாகடத்தில் பிறந்த மெய்கண்டாரின் குடும்பத்துக்கு அருணந்தியார்தான் குலகுரு, சகலாகம பண்டிதர் என்று பேர் பெற்றவர். திருவெண்ணெய்நல்லூரில் இளம்பிள்ளை பாடம் சொல்கிறது என்று கேட்டு, சோதிக்கத்தான் போனார். ஆணவத்தின் சொரூபம் என்ன என்று கேட்டார். பதில் வரவில்லை. பிள்ளை அவரையே மேலும் கீழும் பார்த்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே மாணவராகி, குருவின் சிவஞான போதத்து 12 சூத்திரங்களுக்கு வழிநூலாகச் சித்தியாரை எழுதினார். மேலே இரண்டு பதில்களில் நாம் எடுத்தாண்டது அந்த நூலைத்தான்.

வாட்ஸ்அப் குழுவில் தினமும் சித்தர் வாக்கு, திருமூலர் வாக்கு என்று வருகிறது. பாதி நம்ப முடியவில்லை. சொன்னால் அனுப்பியவர் வருத்தப்படுகிறார். (கோவை வாசகர்)

"அருமை, இது எத்தனையாவது பாடல்?" என்று மட்டும் கேளுங்கள். திருமந்திரம் மூவாயிரத்துச் சொச்சம் பாடல்கள், எண் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும் என்பதால் எந்தப் பதிப்பு என்றும் கேட்கலாம். முழுப் பாட்டையும் போடச் சொல்வது இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரு வரி மட்டும் சுற்றும்போது பொருள் நழுவிவிடுகிறது. "நான்பெற்ற இன்பம் பெறுக இவ் வையகம்" 85ஆம் பாட்டு. முதல் மாற்றமே "நான்" "யான்" ஆனது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, நான் பெற்றதை உனக்குத் தந்தே தீருவேன் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. பாட்டு எப்படி முடிகிறது என்று பாருங்கள்: "ஊன்பற்றி நின்ற உணர்வுறு மந்திரம் தான்பற்றப் பற்றத் தலைப்படுந் தானே." பற்ற வேண்டியவர் கேட்பவர். பற்றப் பற்ற அது தானே கைகூடும். இன்பத்தைக் கொண்டுவந்து வாயில் ஊட்டுவதாகத் திருமூலர் அங்கே சொல்லவில்லை.

எண் கேட்டு ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லை என்றால், "தேடினேன், மூலம் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். "பொய்" என்று எழுதாதீர்கள், நீங்கள் பார்த்தது ஒரு பதிப்பைத்தான். அனுப்பியவர் உங்கள் சம்பந்தி என்றால், குழுவில் வேண்டாம், தனியாகவே எழுதிவிடுங்கள்.